ஹெர்பிஸ் வைரஸ் ஏன் ஒரு கத்தரியோடு வருகிறது

சின்னம்மை வந்து போன பிறகு வீட்டில் யாரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. வேப்பிலை போட்டுப் படுக்கவைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு கதை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். அந்த வைரஸோ உடலை விட்டுப் போவதே இல்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடந்து, பலருக்கு ஐம்பது அறுபது வயதுக்கு மேல் அக்கியாகத் திரும்பி வருகிறது. காய்ச்சல் வந்தால் உதட்டோரம் கொப்புளம் போடுகிறதே, அது இதே ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த எச்எஸ்வி-1 (ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ்-1). உலகில் ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேரின் உடலில் இது இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சுமக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸும், கருவில் இருக்கும் குழந்தையின் செவித்திறனைப் பறிக்கக்கூடிய சைட்டோமெகலோ வைரஸும் இந்தக் குடும்பம்தான்.

மனிதரைத் தொற்றும் ஹெர்பிஸ் வைரஸ்கள் மொத்தம் 9. தங்கும் இடம், நோய், வேகம் எல்லாவற்றிலும் ஒன்றுக்கொன்று நிறைய மாறுபட்டவை. இவற்றின் பொது மூதாதை வாழ்ந்தது குறைந்தது 20 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று மரபணு ஒப்பீடுகள் சொல்கின்றன. அவ்வளவு காலம் பிரிந்து கிடந்தும் ஒரு கருவியை மட்டும் இவற்றில் எதுவும் கைவிடவில்லை. செல்லுக்குள் புரதங்களின் மேல் ஒட்டப்படும் யுபிக்விட்டின் என்ற அடையாளத்தை வெட்டி எடுக்கும், கத்தரிக்கோல் போன்ற ஒரு நொதி அது. ஆய்வகத் தட்டில் அந்த நொதியை முடக்கிவிட்டாலும் வைரஸ் கிட்டத்தட்ட வழக்கம்போலவே பெருகுகிறது. தேவையே இல்லை போலத் தெரியும் ஒன்றை எதற்காக இத்தனை கோடி ஆண்டுகள் சுமக்க வேண்டும்? கடந்த இருபது ஆண்டுகளின் ஆய்வுகளை வரிசையாகப் படித்தால் இதற்கு நல்ல பதில் கிடைக்கிறது.

முதலில் யுபிக்விட்டின் என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். 76 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட குட்டிப் புரதம் இது. இதன் வால் நுனியை வேறொரு புரதத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தோடு செல் இணைக்கிறது. அப்படி ஒட்டிய யுபிக்விட்டின் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று சங்கிலியாகவும் கோக்கலாம். பழுதான, வேலை முடிந்த புரதங்களின் மேல் இந்தச் சங்கிலி விழுந்தால், புரோட்டியசோம் என்ற அரைவை எந்திரம் அவற்றைப் பிடித்துத் துண்டுதுண்டாக்கிவிடும். இதைக் கண்டறிந்ததற்காக ஆரோன் சிக்கனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அழிவுக்கான முத்திரை என்று மட்டும் இதை நினைத்துக்கொண்டால் வைரஸின் கதை பாதிதான் புரியும். பூக்கட்டுகிறவர் கையில் இருப்பது ஒரே மல்லிகைதான். தொடுக்கும் விதம் மாறினால் ஒன்று தலையில் வைக்கும் சரமாகிறது, இன்னொன்று சாமிக்குச் சாத்தும் மாலையாகிறது. யுபிக்விட்டினும் அப்படித்தான். அதன் உடலில் 7 லைசின்கள் இருக்கின்றன. 48ஆம் இடத்து லைசின் வழியாகக் கோத்த சங்கிலி பெரும்பாலும் ‘இதை அழி’ என்று பொருள்படும். 63ஆம் இடத்து லைசின் வழியாகக் கோத்தால் அழிவுக்கு வேலையில்லை. ‘இங்கே கூடுங்கள், எச்சரிக்கையைக் கடத்துங்கள்’ என்ற கூப்பாடு அது. செல்லின் நோய் எதிர்ப்பு அலாரங்கள் பலவும் இந்த 63 வகைச் சங்கிலியை நம்பித்தான் ஓடுகின்றன.

ஒட்டுவதற்கு நொதிகள் உண்டு என்றால் பிரிப்பதற்கும் உண்டு. மனித செல்லில் ஏறக்குறைய நூறு வகை யுபிக்விட்டின் நீக்கி நொதிகள் இருக்கின்றன. எழுதியதை அழித்துத் திருத்தும் வசதி இல்லாவிட்டால் எந்தச் செய்தியும் அடுத்த நிமிடமே பழசாகிவிடும். ஹெர்பிஸ் வைரஸ் கைவைப்பது இந்தத் திருத்தும் வேலையில்தான்.

வைரஸின் அந்த நொதி கண்டுபிடிக்கப்பட்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தது. எச்எஸ்வி-1இன் மரபணுத் தொகுதி முழுவதும் 1988லேயே படிக்கப்பட்டுவிட்டது. ஏறக்குறைய 1,52,000 எழுத்துகள். ஆனால் அதில் யுபிக்விட்டின் நீக்கி ஒன்று இருப்பதாக யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த நொதிகளின் வரிசையோடு ஒப்பிட்டுத் தேடினால் எதுவும் சிக்காது, ஏனென்றால் இந்த நொதியின் எழுத்து வரிசை மனித நொதிகள் எதையும் ஒத்திருக்கவில்லை. 2005இல் ஹிட்டே ப்ளூக் என்ற உயிர்வேதியியலாளரின் குழு வேறு வழியில் போனது. எழுத்தைப் பார்க்காமல் வேலையைப் பார்த்தார்கள்.

அவர்கள் செய்தது ஒருவகைத் தூண்டில். யுபிக்விட்டினை எடுத்து, நொதி வெட்ட வரும் அந்த வால் நுனியில் வினைபுரியும் ஒரு வேதிக்கொக்கியைப் பொருத்தினார்கள். யுபிக்விட்டினை வெட்டும் நொதிகள் பலவற்றுக்கும் வெட்டு வாயில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கும். அதன் கந்தக அணுதான் வெட்டுகிற விளிம்பு. வழக்கமான யுபிக்விட்டின் என்று நினைத்து நொதி இதைக் கவ்வினால், கந்தகம் கொக்கியோடு நிரந்தரமாகப் பிணைந்துவிடும். பிறகு அந்த நொதியால் விட முடியாது. யுபிக்விட்டினின் மறுமுனையில் ஏற்கனவே ஓர் அடையாளப் பட்டை இருக்கிறது. அதைப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தைக் கொண்டு இழுத்தால், கவ்வியிருப்பதும் கூடவே வரும்.

வைரஸ் தொற்றாத செல்களின் சாற்றிலும் தொற்றிய செல்களின் சாற்றிலும் இந்தத் தூண்டிலைப் போட்டார்கள். புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல்லில், தொற்றிய சாற்றில் மட்டும் ஒரு புதிய கோடு தெரிந்தது. அதை வெட்டியெடுத்து நிறைமானியில் படித்தபோது, அது மனிதப் புரதமே இல்லை. யுஎல்36 என்ற வைரஸ் புரதத்தின் முன்பகுதி, ஏறக்குறைய 500 அமினோ அமில நீளத்துக்கு. பதினேழு ஆண்டுகளாகத் தரவுத்தளத்தில் எல்லார் கண்முன்னும் கிடந்த வரிசை அது.

யுஎல்36 சாதாரணப் புரதமும் அல்ல. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட அது, எச்எஸ்வி-1 தயாரிக்கும் புரதங்களிலேயே மிகப் பெரியது. ஹெர்பிஸ் துகளை வெட்டிப் பார்த்தால் நடுவில் டிஎன்ஏ அடைத்த கூடு, வெளியே கொழுப்பு உறை, இரண்டுக்கும் நடுவே டெக்யுமென்ட் என்ற புரதத் திணிப்பு. யுஎல்36 இந்தத் திணிப்பில், கூட்டை ஒட்டினாற்போல் உட்கார்ந்திருக்கிறது. செல்லுக்குள் நுழையும்போது உறை வெளியே நின்றுவிடும், திணிப்பின் பெரும்பகுதி கழன்றுவிடும், ஆனால் யுஎல்36 கூட்டை விடாமல் உட்கரு வாசல் வரைக்கும் போகிறது. அதாவது வைரஸ் தன் மரபணு ஒன்றைக்கூடப் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே, இந்தக் கத்தரி செல்லுக்குள் வந்து சேர்ந்துவிடுகிறது.

இதே பகுதி குடும்பம் முழுக்க இருப்பது சீக்கிரமே உறுதியானது. சைட்டோமெகலோவில் அதன் பெயர் யுஎல்48, எப்ஸ்டீன்-பாரில் பிபிஎல்எஃப்1, கபோசி சார்கோமா என்ற புற்றுநோயை உண்டாக்கும் வைரஸில் ஓஆர்எஃப்64. 2007இல் எலி சைட்டோமெகலோ வைரஸின் நொதியை யுபிக்விட்டினைக் கவ்விய நிலையிலேயே படிகமாக்கி, அதன் முப்பரிமாண வடிவத்தைப் பார்த்தார்கள். வெட்டும் மையம் பப்பாளிப் பாலில் உள்ள பப்பெய்ன் நொதியின் பாணியில் இருந்தது. யுபிக்விட்டினைப் பிடித்துக்கொள்ளும் விதமோ அதுவரை தெரிந்த எந்த நொதியிலும் இல்லாதது.

சரி, இப்போது அந்தப் புதிருக்கு வரலாம்.

யுஎல்36 புரதத்தை முழுசாக நீக்கினால் எச்எஸ்வி-1 பிழைக்காது. துகளைக் கட்டவே அந்தப் புரதம் வேண்டும். ஆனால் புரதத்தை அப்படியே விட்டுவிட்டு, வெட்டு வாயில் இருக்கும் ஒரே ஒரு சிஸ்டீனை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? மூவாயிரம் மணிகள் கோத்த மாலையில் ஒரு மணியை மட்டும் மாற்றுவது போல. கத்தரி இருக்கும், வெட்டாது. மனித சைட்டோமெகலோ வைரஸில் 2006இல் இதைச் செய்து பார்த்தார்கள். வைரஸ் சாகவில்லை, கொஞ்சம் மந்தமாகப் பெருகியது, அவ்வளவுதான். மற்ற ஹெர்பிஸ் வைரஸ்களிலும் தட்டில் வந்த விடை பெரிதாக வேறுபடவில்லை.

தட்டைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எச்எஸ்வியை வளர்க்க ஆய்வகங்கள் பெரிதும் நம்பியிருப்பது வெரோ செல்களை. 1962இல் ஜப்பானில் ஒரு பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து உருவான வரிசை அது. வைரஸ் அதில் அருமையாக வளரும். காரணம், இன்டர்ஃபெரான் தயாரிக்கும் மரபணுக்கள் அந்தச் செல்களில் தொலைந்துபோயிருக்கின்றன. இன்டர்ஃபெரான் என்பது தொற்றிய செல் அக்கம்பக்கத்துச் செல்களுக்கு அனுப்பும் அபாய அறிவிப்பு. அறிவிப்பே வராத ஊரில், அறிவிப்பை அடக்குகிறவனுக்கு என்ன வேலை இருக்கும்? தட்டில் நரம்பும் இல்லை, மூளையும் இல்லை, ரத்தத்தில் அலைந்து திரியும் டி செல் என்ற காவல் செல்லும் இல்லை. கத்தரியின் வேலை இவற்றில்தான் என்றால், தட்டில் அதைத் தேடிக் கிடைக்காமல் போவதில் வியப்பில்லை.

அதைத் தெளிவாகக் காட்டியது கோழி. மாரெக் நோய் என்று கோழிப் பண்ணைக்காரர்கள் அறிந்த நோய் ஒன்று உண்டு. 1907இல் ஹங்கேரியின் கால்நடை மருத்துவர் ஜோசப் மாரெக் முதலில் விவரித்தது. கோழியின் கால் நரம்புகள் செயலிழக்கும், ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டியபடி பறவை விழுந்து கிடக்கும். அப்புறம் டி செல்களில் புற்றுநோய்க் கட்டிகள். காரணம் ஒரு ஹெர்பிஸ் வைரஸ். 2007இல் ஜரோசின்ஸ்கியும் குழுவினரும் இந்த வைரஸின் கத்தரியில் 98ஆம் இடத்துச் சிஸ்டீனை மட்டும் மாற்றிக் கோழிகளுக்குச் செலுத்தினார்கள். வைரஸ் கோழிக்குள் ஓரளவு பெருகத்தான் செய்தது. கட்டிகள் உருவாவதோ பெருமளவு குறைந்துபோனது. பெருகுவது ஒன்று, நோயை உண்டாக்குவது வேறொன்று என்பதை ஒரே ஓர் அமினோ அமிலம் பிரித்துக் காட்டிவிட்டது.

நரம்பில் நடப்பது இன்னும் நுணுக்கமானது. தோலில் தொற்றிய ஹெர்பிஸ் வைரஸ் தோலிலேயே நின்றுவிட்டால் ஆயுள்முழுக்கத் தங்க முடியாது. நரம்பு நுனிக்குள் புகுந்து, அந்த நீண்ட இழை வழியாகச் சென்டிமீட்டர் கணக்கில் பயணம் செய்து, நரம்புச் செல்லின் உட்கருவை அடைய வேண்டும். ஒரு வைரஸ் துகளின் அளவோடு ஒப்பிட்டால் அது மாபெரும் தூரம். தானாக மிதந்து போய்ச் சேர முடியாது. நுண்குழல் என்ற தண்டவாளத்தின் மேல் டைனீன் என்ற மோட்டார்ப் புரதம் இழுத்துக்கொண்டு போக வேண்டும். மோட்டாரோடு கூட்டை இணைப்பதில் யுஎல்36க்கு முக்கியப் பங்கு.

பன்றிகளைத் தாக்கும் அவுஜெஸ்கி நோயின் வைரஸில் இதை ஆராய்ந்தார்கள். 1902இல் ஹங்கேரிய மருத்துவர் அலதார் அவுஜெஸ்கி விவரித்ததால் அந்தப் பெயர். ‘போலி ரேபிஸ்’ என்றும் சொல்வார்கள், ரேபிஸுக்கும் இதற்கும் உறவு கிடையாது. கத்தரியை முடக்கிய வைரஸ் புறத்திசுவில் தொற்றியது, ஆனால் நரம்பு மண்டலத்துக்குள் ஏறத் தடுமாறியது. 2009இல் இது வெளிவந்தது. காரணம் 2015இல் துலங்கியது. கத்தரி யுபிக்விட்டினை வெட்டியெடுப்பது செல்லின் புரதங்களிலிருந்து மட்டுமல்ல, தன் மேலிருந்தும்கூட. அதே பெரிய புரதத்தின் 442ஆம் இடத்தில் ஒரு லைசின் இருக்கிறது. அதன் மேல் யுபிக்விட்டின் ஏறுகிறது, கத்தரி அதை இறக்குகிறது. ஏறவே முடியாதபடி அந்த லைசினை மாற்றினாலும் நரம்புப் பயணம் கெடுகிறது, ஏறியதை இறக்க முடியாதபடி செய்தாலும் கெடுகிறது. ஏறி இறங்கினால்தான் வண்டி ஓடும்.

பொதுவாகப் பேசும்போது ‘வைரஸ் நம் பாதுகாப்பை முடக்க நொதி வைத்திருக்கிறது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். இந்த 442ஆம் லைசின் அந்த வரி போதாது என்று சொல்கிறது. பிறர் எழுத்தை அழிக்கும் அதே கருவியைத் தன் வண்டியின் கியராகவும் வைரஸ் பயன்படுத்துகிறது.

மூளைக்கு வருவோம். எச்எஸ்வி-1 அரிதாக மூளைக்குள் நுழைந்தால் மூளையழற்சி உண்டாகிறது. மருந்து கிடைக்காவிட்டால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. பிழைத்தவர்களில் பலருக்கு நினைவாற்றல் பழையபடி திரும்புவதில்லை. மூளையின் காவலர்கள் மைக்ரோக்ளியா என்ற செல்கள். டிஎன்ஏ இருக்க வேண்டிய இடம் உட்கரு. அதற்கு வெளியே டிஎன்ஏ தென்பட்டால் சிஜிஏஎஸ் என்ற உணர்வி விழித்துக்கொண்டு ஸ்டிங் என்ற புரதத்துக்குச் சொல்லும். ஸ்டிங் மேல் யுபிக்விட்டின் ஏறி, அலாரம் அடுத்தடுத்த கைகளுக்கு மாறி, கடைசியில் இன்டர்ஃபெரான் வெளியே வரும்.

இந்த வழியை மறிக்க எச்எஸ்வி-1இடம் ஒன்றல்ல, பல உத்திகள் இருக்கின்றன. அவற்றில் எது மூளையில் முக்கியம் என்று அறிய, ஒவ்வொன்றாக இழந்த வைரஸ் வகைகளை வரிசையாக எடுத்து எலி மூளைச் செல்களில் சோதித்தது ஒரு குழு. 2020இல் வெளியான முடிவில், மற்றவற்றைத் தாண்டி எழுந்து நின்றது கத்தரி இழந்த வைரஸ்தான். அது நுழைந்ததும் இன்டர்ஃபெரான் பொங்கியது. எலிகளின் மூளையில் அந்த வைரஸ் குறைவாகவே பெருகியது. கத்தரி நேரடியாக ஸ்டிங்கோடு சேர்ந்து, அதன் மேலிருந்த யுபிக்விட்டினைக் கழற்றிவிடுகிறது என்று காட்டினார்கள். வைரஸ் கூட்டோடு ஒட்டியே வரும் கத்தரி என்று முன்பு சொன்னேனே, அதன் அருமை இங்கே புரிகிறது. டிஎன்ஏ வாசனை வெளியே கசியும் முதல் நிமிடங்களிலேயே அலாரக் கம்பியை அறுக்க ஆள் தயாராக நிற்கிறது.

எப்ஸ்டீன்-பார் வைரஸ் இதே கத்தரியை வேறொரு பொருளுக்கும் தீட்டியிருக்கிறது. யுபிக்விட்டினுக்கு நெட்8 என்று ஓர் உறவுப் புரதம் உண்டு, வரிசையில் ஏறக்குறைய 60 சதவீதம் ஒன்றுபோல. யுபிக்விட்டினை ஒட்டும் எந்திரங்களில் ஒரு பெரிய கூட்டம், ‘கல்லின்’ (cullin) என்ற புரதத்தின் பெயரால் கல்லின் எந்திரங்கள் என்பார்கள், தங்கள் மேல் நெட்8 ஏறினால்தான் ஓடும். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் மரியா மசூச்சியின் குழு 2010இல் காட்டியது இது: பிபிஎல்எஃப்1 அந்த நெட்8ஐயே கழற்றிவிடுகிறது. ஒட்டும் எந்திரமே நின்றுபோகிறது. வழக்கமாக அழிக்கப்பட வேண்டிய, டிஎன்ஏ நகலெடுப்போடு தொடர்புள்ள புரதங்கள் அழியாமல் சேர்கின்றன. செல் டிஎன்ஏவைப் படியெடுக்கும் கட்டம் போன்ற ஒரு சூழலில் மாட்டிக்கொள்கிறது. வைரஸுக்கு வேண்டியதும் அதுதான். ஒட்டப்பட்ட சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கிழிப்பதற்குப் பதில் சீட்டு அச்சடிக்கும் இடத்தையே மூடுவது போன்ற வேலை.

சொந்தக் கத்தரி போதாத இடங்களில் இந்த வைரஸ்கள் நம்முடையதையும் இரவல் வாங்குகின்றன. 1997இல் கிளாஸ்கோவில் ரோஜர் எவரெட் எச்எஸ்வி-1இன் ஐசிபி0 என்ற புரதத்தோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு வரும் ஒரு மனிதப் புரதத்தைப் பிடித்தார். அது ஒரு யுபிக்விட்டின் நீக்கி. அதனால் அதற்கு ‘ஹெர்பிஸ் வைரஸோடு சேர்ந்த நீக்கி’ என்ற பொருளில் ஹாஸ்ப் என்று பெயர் விழுந்தது. இன்று யுஎஸ்பி7 என்கிறோம். ஐசிபி0 யுபிக்விட்டினை ஒட்டும் வகையைச் சேர்ந்தது. செல்லின் காவல் புரதங்களுக்கு அழிவுச் சீட்டு ஒட்டும், அந்த வேகத்தில் தன் மேலும் ஒட்டிக்கொள்ளும். யுஎஸ்பி7 கூடவே நின்று அதைக் கழற்றி ஐசிபி0வைக் காப்பாற்றுகிறது. எப்ஸ்டீன்-பார் வைரஸின் இபிஎன்ஏ1 புரதமும் இதே யுஎஸ்பி7ஐப் பிடித்துக்கொள்கிறது, அதுவும் உறங்கும் நிலையில், பெரிய கத்தரிப் புரதம் தயாராகாத காலத்தில். ஐந்து ஆண்டுகள் கழித்து, புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தின் ஆயுளையும் இதே யுஎஸ்பி7 தீர்மானிக்கிறது என்று தெரிந்தது. இன்று புற்றுநோய் மருந்து ஆய்வில் யுஎஸ்பி7 முக்கியமான பெயர். அதை முதலில் அடையாளம் காட்டிக்கொடுத்தது உதட்டோரக் கொப்புளத்தின் வைரஸ் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது.

இனி மருந்து. அசைக்ளோவிர், கான்சைக்ளோவிர் போன்றவை வைரஸ் டிஎன்ஏ படியெடுப்பதைத் தடுப்பவை, லெட்டர்மோவிர் டிஎன்ஏவைக் கூட்டில் அடைப்பதைத் தடுப்பது. கத்தரியைக் குறிவைக்கும் ஹெர்பிஸ் மருந்து எதுவும் இன்று மருந்துக் கடையில் இல்லை. மனிதரின் நூறு நீக்கிகளைத் தொடாமல் வைரஸின் ஒன்றை மட்டும் தடுப்பது சிரமம் என்பது ஒரு காரணமாகச் சொல்லப்படலாம். ஆனால் யுபிக்விட்டினைப் பிடிக்கும் விதமே வேறு என்று 2007இன் படிகம் காட்டியிருப்பதால், அந்த வேறுபாட்டைப் பயன்படுத்த இடமிருக்கிறது.

எனக்குப் பெரிய தடையாகத் தெரிவது சோதிக்கும் முறை. வைரஸ் மருந்தைத் தேடுகிறவர்கள் வழக்கமாகச் செய்வது, தட்டில் செல்களை விரித்து, வைரஸைப் போட்டு, மேலே மருந்தை ஊற்றி, செல்விரிப்பில் எத்தனை ஓட்டைகள் விழுகின்றன என்று எண்ணுவது. அசைக்ளோவிர் அதில் சுலபமாகத் தேறிவிடும். கத்தரியைத் துல்லியமாகத் தடுக்கும் அருமையான மருந்து ஒன்று நாளை கிடைத்தாலும், வெரோ செல் விரித்த தட்டில் ஓட்டைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருக்கும். முதல் சுற்றிலேயே அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதன் பலன் தெரிய வேண்டுமானால் தொடக்கமே மைக்ரோக்ளியா கலந்த மூளைச் செல் வளர்ப்பாகவோ, நுனியும் உடலும் தனித்தனி அறைகளில் வளரும் நரம்புச் செல்லாகவோ இருக்க வேண்டும்.